டேட்டாபேஸ் கேள்விகளுக்கு இலவசமாப் பதில் சொல்லுற ஆக்கள் சலிக்காமல் இருக்க என்ன வழி?

கொக்குவில்_குவெரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கிற பிள்ளையள், கம்பஸ் பெடியள், கடையளுக்கும் கிளினிக்குகளுக்கும் பில்லிங் எழுதிக் குடுக்கிற ஆக்கள் எண்டு கனபேர் எங்கட வட்ஸ்அப் குழுவில டேட்டாபேஸ் சந்தேகம் கேக்கினம். நாங்கள் கொஞ்சப்பேர் வேலை முடிஞ்ச நேரத்தில காசு வாங்காமல் பதில் சொல்லுறம். விருப்பத்தோட செய்யிற வேலைதான். ஆனால் நல்லாப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆக்கள் ஒவ்வொருத்தரா ஒதுங்கினம்.

காரணம் கேள்வி வாற விதம். "குவெரி வேலை செய்யேல்லை, நாளைக்குக் காலமை குடுக்கோணும்" எண்டு ஒரு வரி (குவெரி எண்டால் டேட்டாபேஸிட்டத் தரவு கேக்கிற கட்டளை). அதோட லப்டொப் திரையைச் சரிவாப் பிடிச்ச ஃபோன் படம். எரர் வரியில பாதி வெட்டுப்பட்டிருக்கும். இன்னொருத்தர் அசைன்மென்ட் தாளை அப்பிடியே போட்டு "ஆரும் செய்து தாங்கோ" எண்டுவார். "தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வருது" எண்டது ஓயாமல் வாற கேள்வி. பாடுபட்டுப் பதில் எழுதினால், சரிவந்ததோ இல்லையோ எண்டு ஒரு சொல்லும் இல்லாமல் ஆள் போயிடும்.

நான் கேக்கிறது இதுதான். புதுசா வாற பிள்ளை பயந்து ஓடாமல் முதல் மறுமொழியிலேயே என்னென்ன விவரம் கேட்டு எடுக்கலாம்? திரும்பத் திரும்ப வாற கேள்விக்கு என்ன ஆயத்தப் பதில் வைச்சிருக்கிறியள்? உதவி எங்க முடிஞ்சு கூலி வேலை எங்க தொடங்குது?


திருநெல்வேலி_ரேபிள் எழுதியது:

ஆளைக் களைக்க வைக்கிறது விவரத்துக்காக இழுபடுறதுதான். எந்த வேர்ஷன், ரேபிள் எப்பிடி, எரர் என்ன எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு, ஒவ்வொண்டுக்கும் மறுமொழி வரும்வரை காத்திருந்து, கடைசியில பார்த்தால் மூண்டு நிமிஷ வேலையா இருக்கும். அதால எல்லாத்தையும் ஒரே மறுமொழியில கேளுங்கோ. ஒவ்வொண்டும் ஏன் வேணும் எண்டு அரை வரி சேர்த்தால் பிள்ளையள் பயப்பிடாமல் தருவினம்.

முதல் வேர்ஷன். செலக்ட் வேர்ஷன்() எண்டு அடிச்சு வாறதைக் கொப்பி பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ. எக்ஸாம்ப் (சொந்தக் கம்பியூட்டரில டேட்டாபேஸ் சேர்வர் ஓட்டுற இலவசப் பொதி) பனலில மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸின்ர பெயர் எழுதியிருந்தாலும் உள்ளுக்க ஓடுறது அதில இருந்து பிரிஞ்சு வந்த மரியாடிபி. கம்பஸில மைஎஸ்கியூஎல் 8 இல எடுத்த பக்கப்பைக் கொண்டுவந்து வீட்டில எக்ஸாம்பில ஏத்தினால் 1273 எரர் வாறதுக்குக் காரணம் அதுதான்: 8 இன்ர வழமையான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடுற, வரிசைப்படுத்துற விதி) எக்ஸாம்போட வாற மரியாடிபி 10.4 க்குத் தெரியாது. பக்கப் ஃபைலில அந்தக் கொலேஷன் பெயரை யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ எண்டு மாத்தினால் ஏறும்.

அடுத்தது, ரேபிள் எப்பிடி அமைஞ்சிருக்கு எண்டு காட்டுற ஷோ கிரியேட் டேபிள் கட்டளை தாற முழு எழுத்து. டேட்டா ரைப், சாவி, இன்டெக்ஸ், கரக்டர் செட் எல்லாம் அதில ஒரே இடத்தில தெரியும். "ஃபோன் நம்பர் பிழையா வருது" எண்ட கேள்வி இதைப் பார்த்த உடனேயே முடிஞ்சிடும். நிரல் (கொலம்) இன்ட், அதாவது முழு எண் வகை எண்டால் முன்னால இருக்கிற பூச்சியம் போயிடும். 94 சேர்த்து அடிச்சால் இன்ட்டின்ர எல்லையான 2147483647 ஐத் தாண்டும். ஸ்ட்ரிக்ட் மோட் (பிழையான பெறுமதியை ஏற்காத அமைப்பு) இல்லாத சேர்வரில எல்லாருக்கும் அதே 2147483647 தான் பதிஞ்சிருக்கும். 12 இலக்க அடையாள அட்டை நம்பருக்கும் இதே கதை. பழைய அட்டையில கடைசியில வி அல்லது எக்ஸ் எண்ட எழுத்தும் இருக்கு. இரண்டையும் வார்கார் (எழுத்து வகை) ஆக்கச் சொல்லுங்கோ, கூட்டிக் கழிக்கிற எண்கள் இல்லை அவை.

பிறகு நாலைஞ்சு நிரை (ரோ), இன்சேர்ட் வசனமா. படமா வேண்டாம், படத்தைப் பார்த்து நாங்கள் ரைப் பண்ணேலாது. பிழையா வாற நிரை அதுக்குள்ள கட்டாயம் இருக்கோணும். அதோட, வரவேண்டிய விடையைக் கையால எழுதச் சொல்லுங்கோ. இதுதான் எல்லாத்திலயும் பெறுமதியானது. விடையை எழுத வெளிக்கிட்டவுடனே தனக்கு என்ன வேணும் எண்டது கேட்டவருக்கே துலங்கும்.

ஒரு உதாரணம். "மொத்தம் பிழையா வருது" எண்டு வாற கேள்வியளில கனக்க ஒரே பிழை. ஒரு பில்லில 3 சாமான், விலை மொத்தம் 12,000 ரூபா. கட்டணம் 2: 5,000 உம் 7,000 உம், அதுவும் மொத்தம் 12,000. பில், சாமான், கட்டணம் மூண்டு ரேபிளையும் நேரா ஜொயின் பண்ணினால் (இணைச்சால்) ஒரு பில்லுக்கு 6 நிரை வரும். கட்டணத்தைக் கூட்டினால் 36,000, சாமான் விலையைக் கூட்டினால் 24,000. உடனே ஆரோ ஒருத்தர் "சம் டிஸ்டிங்ட் போடு" எண்டுவினம், அது ஒரே எண் திரும்ப வந்தால் ஒருக்கா மட்டும் கூட்டும். இந்த பில்லுக்கு அது சரியாத்தான் வரும். அடுத்த பில்லில 6,000 உம் 6,000 உம் கட்டியிருந்தால் 6,000 எண்டு காட்டும், ஒருத்தரும் கவனிக்காயினம். சரியான வழி, சாமானை பில் நம்பரால குரூப் பண்ணி ஒரு துணைக் குவெரியில கூட்டி, கட்டணத்தை இன்னொண்டில கூட்டி, இரண்டையும் பில்லோட லெஃப்ட் ஜொயின் பண்ணுறது. கட்டணமே இல்லாத பில்லுக்கு நல் (பெறுமதி இல்லாத வெறுமை) வரும், அதுக்கு கோலெஸ் போட்டுப் பூச்சியமாக்கோணும்.

கடைசியா எரர், நம்பரோட முழு வரி. 1064 (கட்டளை எழுதின விதம் பிழை) எண்டால் "நியர்" எண்டதுக்குப் பிறகு வாற துண்டைப் பாருங்கோ. பிழை பெரும்பாலும் அந்தத் துண்டின்ர தொடக்கத்தில, இல்லாட்டில் அதுக்குச் சற்று முன்னால. 1055 எண்டால் செலக்டில இருக்கிற ஒரு நிரல் குரூப் பையில இல்லை. நிறைய இடத்தில இந்த எரரைத் தாற ஒன்லி ஃபுல் குரூப் பை எண்ட மோடை நிப்பாட்டச் சொல்லிக் குடுக்கினம். நிப்பாட்டினால் எரர் போகும், ஆனால் எந்த நிரையின்ர பெறுமதி வரும் எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை. பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டாதேங்கோ.


பருத்தித்துறை_பைட் எழுதியது:

தமிழ் எழுத்துப் பிரச்சினைக்கு ஒரே ஆயத்தப் பதில் போதும், ஆனால் அது "யூடிஎஃப்8 ஆக்குங்கள்" என்ற ஒற்றை வரியாக இருக்கக் கூடாது (யூடிஎஃப்8 என்பது யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை). நாலு வெவ்வேறு கோளாறுகள் ஒரே மாதிரி வந்து நிற்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: பழுதான நிரலை, சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்() க்குள் போட்டு ஒரு நிரையை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

3எஃப் 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால், சேமிக்கும்போதே எழுத்துகள் உண்மையான கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. அந்தத் தரவு போனதுதான். எந்தக் கட்டளையாலும் திரும்பாது. பக்கப்பில் இருந்து எடுக்க வேண்டும் அல்லது மறுபடி பதிய வேண்டும். இதைக் கேட்டவரிடம் முதலே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரவிரவாகக் கொலேஷனை மாற்றிக்கொண்டிருப்பார்.

ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்று ஒவ்வொரு மூன்று பைட்டும் தொடங்கினால் தரவு பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்8 இல் தமிழ் எழுத்துகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். பிழை வாசிக்கும் பக்கத்தில். பிஎச்பி என்றால் மைஎஸ்கியூஎல்ஐ இணைப்பு எடுத்தவுடன் செட் கார்செட்டில் யூடிஎஃப்8எம்பி4 கொடுக்க வேண்டும். பிடிஓ என்றால் இணைப்பு வரியிலேயே. சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து பார்த்துவிட்டு டேட்டாபேஸைக் குறை சொல்பவர்களும் உண்டு. டேட்டா தாவலில் போய், 65001 யூடிஎஃப்-8 தெரிவு செய்து இறக்கினால் எழுத்து ஒழுங்காக வரும்.

சி3ஏ0 சி2ஏஈ என்று வந்தால் இரட்டைக் குறியாக்கம். யூடிஎஃப்8 பைட்டுகளை லத்தீன்1 (தமிழ் இல்லாத பழைய எழுத்து முறை) என்று நினைத்து மறுபடி யூடிஎஃப்8 ஆக்கியிருக்கிறது. இது மீட்கக்கூடியது. நிரலை லத்தீன்1 க்கு கன்வேர்ட் பண்ணி, அதை பைனரிக்கு காஸ்ட் பண்ணி, அதை யூடிஎஃப்8எம்பி4 க்கு கன்வேர்ட் பண்ண வேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாக. முதலில் செலக்டில் பார்த்து, பிறகு ரேபிளின் பிரதி ஒன்றில் அப்டேட் செய்து பார்த்துத்தான் மூல ரேபிளில் கை வைக்க வேண்டும். ஏற்கெனவே சரியாக உள்ள நிரைகளில் இதை ஓடவிட்டால் அவை கெட்டுவிடும். எனவே வேர் நிபந்தனையில் ஹெக்ஸ் தொடக்கத்தைச் சோதித்துப் பழுதானவற்றை மட்டும் எடுக்கவும்.

நாலாவது எங்கள் ஊருக்கே உரியது. 6ஏ 6பி 70 6எஃப் 3பி என்று வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. "தமிழ்" என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கிறது. பாமினி எழுத்துரு போட்டால் மட்டுமே தமிழாகத் தெரியும். பழைய அச்சக ஃபைல்கள், பாடசாலைப் பெயர்ப்பட்டியல்கள் இப்படி நிறைய வருகின்றன. கரக்டர் செட்டை எப்படி மாற்றினாலும் பயனில்லை, பாமினியை யூனிகோடாக்கும் கருவி ஒன்றால் டேட்டாபேஸுக்கு வெளியே வைத்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட முகவரிகளும் மின்னஞ்சல்களும் அதே நிரலில் கலந்திருந்தால் அவையும் உருக்குலையும். முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள்.

சேமிக்கும்போதே 1366 எரர் வந்தால் அதில் காட்டும் பைட்டைப் பாருங்கள். ஈ0 ஏஈ என்றால் நிரல் லத்தீன்1 இல் இருக்கிறது. எஃப்0 9எஃப் என்றால் யாரோ இமோஜி போட்டிருக்கிறார்கள், நிரல் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8.

இன்னும் இரண்டு. "யாழ்ப்பாணம்" கண்ணுக்கு ஆறு எழுத்து, ஆனால் குறிகளை எண்ணும் கார்லெங்த் 11 என்று சொல்லும், பைட்டுகளை எண்ணும் லெங்த் 33 என்று சொல்லும். வார்கார் 20 என்று பெயர் நிரல் வைத்தால் நீளமான தமிழ்ப் பெயர்கள் நிற்காது. மற்றது தேடல். "கொ" வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் ஒரே மாதிரி, தேடினால் கிடைக்காது. பதியும்போதே என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்த) வடிவுக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 13 ஆம் வேர்ஷனில் இருந்து நோமலைஸ் என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது.


சுன்னாகம்_சேர்வர் எழுதியது:

மேல சொன்ன கேள்வியளில பிழையாச் சொன்னாலும் திருத்தலாம். "எக்ஸாம்பில மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் ஆகுதில்லை", "வேர் போடாமல் டிலீட் அடிச்சுப் போட்டன்" எண்ட இரண்டும் அப்பிடி இல்லை. பிழையான ஒரு வரியால ஒரு கடையின்ர கணக்கு முழுக்கப் போகும். இதில நிச்சயமாத் தெரியாத ஆக்கள் பேசாமல் இருக்கோணும், குழுவில அதை ஒரு விதியாவே வையுங்கோ.

ஸ்டார்ட் ஆகாட்டில் முதல் வேலை, மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள்ள இருக்கிற டேட்டா ஃபோல்டரை அப்பிடியே வேற டிஸ்குக்குக் கொப்பி பண்ணுறது. அது முடிஞ்சு படம் அனுப்பும்வரை வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. பிறகு அந்த ஃபோல்டரில இருக்கிற எரர் லொக்கின்ர கடைசி வரியள். மைஎஸ்கியூஎல் பாவிக்கிற 3306 போட் பிடிபட்டிருக்கு எண்டால் அதே மெஷினில இன்னொரு மைஎஸ்கியூஎல் சேவிஸ் ஓடுது. அதை நிப்பாட்டினால் சரி.

கரண்ட் போய் வந்தபிறகு இன்னோடிபி (ரேபிள்களைச் சேமிக்கிற எஞ்சின்) பழுது எண்டு லொக் சொன்னால் கவனம். ஐபிடேட்டா1 ஃபைலை அழிச்சால் ஸ்டார்ட் ஆகும் எண்டு கனபேர் சொல்லுவினம். ஸ்டார்ட் ஆகும்தான். பிறகு ஒவ்வொரு ரேபிளையும் திறக்க 1932 எரர் வரும், ஏனெண்டால் ரேபிள்களின்ர உள்விவரம் அந்த ஃபைலுக்குள்ளதான் இருந்தது. செய்யவேண்டியது, மை.இனி ஃபைலில இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரியை 1 எண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறது. வராட்டில் 2, பிறகு 3. ஸ்டார்ட் ஆனவுடனே மைஎஸ்கியூஎல்டம்பால முழுத் தரவையும் பக்கப் எடுத்து, புது இன்ஸ்டோலில ஏத்தி, அந்த வரியை எடுத்துவிடோணும். 4 உம் அதுக்கு மேலயும் தரவை நிரந்தரமாப் பழுதாக்கலாம், கொப்பி கையில இல்லாமல் போகக் கூடாது.

டிலீட் அடிச்ச கேஸில, மைஎஸ்கியூஎல் 8.0 எண்டால் பைனரி லொக் (தரவில நடந்த மாற்றங்களைப் பதியிற லொக்) வழமையாவே ஓடும், 30 நாள் வைச்சிருக்கும். பழைய முழு பக்கப் ஒண்டும் இருந்தால், அதை வேற சேர்வரில ஏத்தி, மைஎஸ்கியூஎல்பின்லொக்கால டிலீட்டுக்கு முந்தின பொசிஷன் வரைக்கும் ஓட்டி எடுக்கலாம். எக்ஸாம்ப் மரியாடிபியில பைனரி லொக் வழமையா ஓடாது, பக்கப் இல்லாட்டில் வழி மிகக் குறைவு. அதை ஒளிக்காமல் சொல்லுங்கோ.

பிள்ளையளுக்குப் பழக்கவேண்டியது: முதல் அதே வேரோட செலக்ட் கவுன்ட், பிறகு பிகின், டிலீட், எத்தினை நிரை எண்டு பார்த்து, ஒத்தால் கொமிட் (மாற்றத்தை உறுதியாக்கிறது), இல்லாட்டில் ரோல்பக் (பழையபடி திருப்பிறது). ரேபிள் மைஐசாம் (பழைய சேமிப்பு எஞ்சின்) எண்டால் ரோல்பக் வேலை செய்யாது.


வல்வெட்டி_பிஜி எழுதியது:

ரிப்போட் சிலோ எண்டு வாறவையிட்ட, குவெரி எப்பிடி ஓடுது எண்டு காட்டுற எக்ஸ்பிளெயின் அனலைஸ் கேளுங்கோ (போஸ்ட்கிரெஸில பஃபர்ஸும் சேர்த்து, மைஎஸ்கியூஎல் எண்டால் 8.0.18 இல இருந்து இருக்கு). அது குவெரியை உண்மையாவே ஓட்டும். போஸ்ட்கிரெஸில அப்டேட், டிலீட்டுக்குப் போட்டால் தரவு மாறும், பிகினுக்கும் ரோல்பக்குக்கும் நடுவில வைச்சுத்தான் ஓட்டச் சொல்லோணும். வந்ததில மதிப்பிட்ட நிரை எண்ணிக்கையும் உண்மையான எண்ணிக்கையும் எங்க பெரிசா விலகுது எண்டு பாருங்கோ. படிக்கிற பெடியளின்ர குவெரியில அடிக்கடி காண்பது திகதி நிரலை இயர்() க்குள்ள போட்டு 2024 ஓட ஒப்பிடுறது. அப்பிடிச் செய்தால் திகதி இன்டெக்ஸ் (கெதியாத் தேட வைச்சிருக்கிற பட்டியல்) பயன்படாது. 2024-01-01 அல்லது அதுக்குப் பிறகு, 2025-01-01 க்கு முன்னால எண்டு எழுதினால் பயன்படும்.


நல்லூர்_நிரை எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு நான் சொல்லுறன்.

அசைன்மென்ட் தாளை விடையோட திருப்பிக் குடுக்கக் கூடாது. ஆனால் "நீயே செய்" எண்டு விரட்டினால் அந்தப் பிள்ளை காசுக்குச் செய்து குடுக்கிற ஆளிட்டப் போகும். நடுவழி ஒண்டு இருக்கு: அதே கணக்கை வேற ரேபிளில செய்து காட்டுங்கோ. கேள்வி "கட்டணம் கட்டாத மாணவர்" எண்டால், நீங்கள் "புத்தகம் எடுக்காத வாசகர்" எண்டு எழுதுங்கோ. நொட் இன் போட்டால் உள்குவெரியில ஒரே ஒரு நல் இருந்தாலும் விடை வெறுமையா வரும் எண்டதையும், நொட் எக்ஸிஸ்ட்ஸ் ஏன் நல்லது எண்டதையும் அதில காட்டலாம். பெயர்களை மாத்திப் போட விளங்கியிருக்கோணும், அந்தளவு போதும்.

கடைக்காரருக்கு எழுதிக் குடுக்கிற ஆக்கள் வேற. ஒரு குவெரி ஏன் பிழை எண்டு கேட்டால் அது உதவி. முழு ரிப்போட், புது ரேபிள் அமைப்பு, பழைய தரவு மாத்துறது எல்லாம் வேலை, அவை அதுக்குக் காசு வாங்கினம். "இது கூலி வேலை, தனியக் கதையுங்கோ" எண்டு நேர சொல்லுறதில பிழை ஒண்டும் இல்லை. எனிடெஸ்கில (தூர இருந்து மெஷினை இயக்கிற மென்பொருள்) ஏறித் திருத்தித் தாங்கோ எண்டால் இலவசமா ஒருக்காலும் செய்யாதேங்கோ. ஓடுற கடையின்ர மெஷினில நீங்கள் தொட்டபிறகு வாற எல்லாப் பழுதும் உங்கட தலையில.

இன்னொண்டு, உண்மையான வாடிக்கையாளர், நோயாளர் விவரத்தைக் குழுவில போட விடாதேங்கோ. 12 இலக்க அடையாள அட்டை நம்பரில முதல் நாலு பிறந்த ஆண்டு, அடுத்த மூண்டு ஆண்டின்ர எத்தினையாவது நாள், பெண் எண்டால் அதோட 500 கூட்டியிருக்கும். ஒரு நம்பர் போட்டாலே பிறந்த நாளும் ஆணோ பெண்ணோ எண்டதும் வெளியில வந்திடும். 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டும் இருக்கு. பெயரை அ, ஆ, இ எண்டும் நம்பரைப் பொய்யாவும் மாத்தித்தான் போடோணும். போட்டால் அட்மின் உடனே அழிக்கோணும்.

ஏன் இவ்வளவு பாடு எண்டு கேட்டால், வேலைத்தலத்தில ஒருத்தர் வருஷக்கணக்கா ஒரே மாதிரி ரேபிளைத்தான் பார்ப்பார். இங்க ஒரு கிழமைக்குள்ள கோயில் நன்கொடைக் கணக்கும் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடையும் மருந்தகமும் வரும். பாமினி தரவை மீட்கிறதும் இரட்டைக் கூட்டலைக் கண்டுபிடிக்கிறதும் பாடத்திட்டத்தில இல்லாத அறிவு, மற்றாக்களின்ர பிழையாலதான் வரும். போன வருஷம் கேள்வி கேட்ட பிள்ளை இந்த வருஷம் இன்னொரு பிள்ளைக்கு ஷோ கிரியேட் டேபிள் அனுப்பச் சொல்லுறதைப் பார்த்தால் விளங்கும் எதுக்காகச் செய்யிறம் எண்டு. சரிவந்ததைச் சொல்லாமல் போறவைக்கு, பதிலின்ர கடைசியிலேயே "சரிவந்தால் எது சரிவந்தது எண்டு ஒரு வரி எழுதுங்கோ, அடுத்தாளுக்கு உதவும்" எண்டு கேட்டு வையுங்கோ. கேட்டால் கனபேர் எழுதுவினம்.


கொக்குவில்_குவெரி எழுதியது:

பெரிய நன்றி எல்லாருக்கும். குழுவின்ர மேல பின் பண்ணிவைக்க இப்பிடி எழுதியிருக்கிறன், பாருங்கோ:

"உங்களுக்குக் கெதியாப் பதில் கிடைக்க இவ்வளவையும் எழுத்தாக் கொப்பி பண்ணி அனுப்புங்கோ, படமா வேண்டாம். செலக்ட் வேர்ஷன்() தாற வரி. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ரேபிளுக்கும் ஷோ கிரியேட் டேபிள். பெயர், நம்பர் மாத்தின அஞ்சு நிரை, இன்சேர்ட்டா. வரவேண்டிய விடை, இப்ப வாற விடை. எரர் எண்டால் நம்பரோட முழு வரி. தமிழ் எழுத்துப் பழுது எண்டால் ஒரு நிரையின்ர ஹெக்ஸ்(). சேர்வர் ஸ்டார்ட் ஆகாட்டில், தரவு அழிஞ்சால், ஒண்டும் தொடாமல் டேட்டா ஃபோல்டரைக் கொப்பி பண்ணிப்போட்டு எழுதுங்கோ."


வல்வெட்டி_பிஜி எழுதியது:

நல்லா இருக்கு. ஒரு திருத்தம்: ஷோ கிரியேட் டேபிள் போஸ்ட்கிரெஸில இல்லை. அதுக்கு பிஎஸ்கியூஎல் திரையில பின்சாய்கோடும் டி எழுத்தும் போட்டு ரேபிள் பெயர் அடிக்கச் சொல்லுங்கோ. எஸ்கியூலைட் எண்டால் புள்ளி ஸ்கீமா, பிறகு ரேபிள் பெயர். அன்ட்ரொயிட் புரொஜெக்ட் செய்யிற பெடியள் எல்லாம் எஸ்கியூலைட்தான், அந்த வரியும் கட்டாயம் வேணும். டேட்டா ஃபோல்டரைக் கொப்பி பண்ண முதல் சேர்வரை நிப்பாட்டோணும் எண்டதையும் சேருங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க எடுத்த கொப்பியை நம்பேலாது.